சிறுதொகைகளால் உருவான கூட்டு மருந்து: விலையில் யாருக்கு உரிமை?

1. கேள்வி

நோயுற்ற குழந்தைகளின் பெற்றோரும் ஊர்க்குழுக்களும் பல ஆண்டுகள் அலைந்து சிறுசிறு தொகைகளாகப் பணம் திரட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் தொடங்கிய ஆராய்ச்சி ஒருநாள் உயிர்காக்கும் மருந்தாகிறது. ஆனால் அந்த மருந்து விற்கப்படும் விலையோ ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். விலையைப் பற்றிப் பேசப் பணம் திரட்டியவர்களுக்கு ஏதேனும் உரிமை உண்டா? உண்டென்றால் அதை எந்தக் கட்டத்தில் நிலைநாட்டியிருக்க முடியும்? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

ஒன்றுக்கு மேற்பட்ட கூறுகள் சேர்ந்து ஒரே சிகிச்சையாகப் பயன்படும் பொருளைக் கூட்டு மருத்துவப் பொருள் என்று இங்கே குறிப்பிடுகிறேன். ஒரே மாத்திரையில் பல மருந்துகள் இருக்கலாம். ஒரு தடுப்பூசியில் பல வைரஸ் வகைகள் இருக்கலாம். மருந்தும் அதைச் செலுத்தும் கருவியும் இணைந்திருக்கலாம். இவ்வகைப் பொருள்களில் உரிமைச் சிக்கல் பலமடங்காகிறது. ஒவ்வொரு கூறுக்கும் தனிக் காப்புரிமை, தனி உரிமையாளர் இருக்கக்கூடும். ஒவ்வொரு கூறும் உண்மையிலேயே தேவைதானா என்று தனித்தும் சேர்த்தும் சோதித்துக் காட்ட வேண்டும். எல்லாக் கூறுகளும் ஒரே கையில் இருந்தால் விலையைத் தீர்மானிக்கும் முழு அதிகாரமும் அந்தக் கைக்கே போகிறது. உரிமைகள் பல கைகளில் சிதறிக் கிடந்தால் கூட்டு மருந்து உருவாவதே தடைபடுகிறது.

அமெரிக்காவின் போலியோ தடுப்பூசியும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கான மும்மருந்துக் கூட்டும் இங்கே முதன்மைச் சான்றுகள். மலேரியா, எச்.ஐ.வி. கூட்டு மருந்துகள் ஒப்பீட்டுக்கு உதவுகின்றன. சிறுதொகை திரட்டும் அமைப்பின் பேரம்பேசும் வலிமை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்புதான் உச்சத்தில் இருக்கிறது. அப்போது எழுதப்படாத விலை நிபந்தனையைப் பின்னர் எந்தப் போராட்டத்தாலும் முழுமையாக மீட்க முடிவதில்லை. இதுவே என் முடிபு.

2. இதுவரையான புரிதல்கள்

இப்பொருள் குறித்து மூன்று வகை விளக்கங்கள் உள்ளன. முதலாவது, வெற்றிக்கதையாகச் சொல்வது. சந்தை கைவிட்ட ஒரு நோய்க்கு நோயாளர் அமைப்பே முதலீட்டாளராக மாறி, தனியார் நிறுவனத்தை ஆராய்ச்சிக்குள் இழுத்து வந்தது என்பார்கள். மருந்து பிறந்ததே இவ்விளக்கத்துக்குப் போதிய சான்று.

இரண்டாவது, ஒரே மக்கள் இருமுறை பணம் செலுத்த நேர்கிறது என்ற விமர்சனம். ஆராய்ச்சிக்கு நன்கொடையாக ஒருமுறை கொடுத்தவர்கள், காப்பீட்டுக் கட்டணமாகவோ வரியாகவோ மருந்தின் விலையாக மறுமுறையும் கொடுக்கிறார்கள். மேலும், விற்பனையில் பங்கு பெறும் அறக்கட்டளைக்கு விலையைக் கேள்வி கேட்கும் தார்மிக பலம் குறைந்துவிடுகிறது என்றும் இத்தரப்பு சொல்கிறது. 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ‘ஜாமா’வில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களே அரிய நோய் மருந்துகளின் விலையைச் சமூகம் தாங்குமா என்று கேட்டு எழுதினார்கள்.

மூன்றாவது விளக்கம் விலையை மருந்து நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையிலான பேரமாக மட்டும் பார்க்கிறது. நோயாளர் அமைப்பு ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது அதன் உட்கிடை.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே கதையின் முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்க்கின்றன. பணம் கைமாறிய நாளில் எந்தெந்த நிபந்தனைகள் எழுதப்பட்டன, எவை விடுபட்டன என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

3. முதல் சான்று: பத்து சென்ட் நாணயங்களும் போலியோ தடுப்பூசியும்

1938 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இளம்பிள்ளை வாதத்துக்கான தேசிய அறக்கட்டளையைத் தொடங்கினார். வானொலிக் கலைஞர் எடி கேன்டர், ஆளுக்கொரு பத்து சென்ட் நாணயத்தை வெள்ளை மாளிகைக்கே அனுப்பும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். கடிதக் குவியலில் அஞ்சல் பிரிவு திணறியது. நாணயங்களாக மட்டும் வந்தவை சுமார் 26.8 லட்சம். பின்னர் நாடெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்க் கிளைகள் அமைந்தன. கிளைகள் திரட்டிய பணத்தில் ஒரு பகுதி அந்தந்த ஊர் நோயாளிகளின் சிகிச்சைக்கும் மறுபகுதி தேசிய அளவிலான ஆராய்ச்சிக்கும் சென்றது.

கிளைகள் வேலை செய்த விதத்தை ஓர் இரவில் பார்க்கலாம். 1950 ஜனவரியில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், நன்கொடை தர விரும்புவோர் குறித்த ஒரு மணி நேரம் வாசல் விளக்கை எரியவிட வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். சுமார் 2,300 தாய்மார்கள் தெருத்தெருவாக நடந்து, விளக்கு எரிந்த வீடுகளின் கதவை மட்டும் தட்டினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 45,000 டாலர் சேர்ந்தது. மறு ஆண்டே இம்முறை நாடெங்கும் பரவியது. கொடுக்க விரும்பாதவரைச் சங்கடப்படுத்தாமல், கொடுப்பவரின் இசைவை வெளிப்படையாகப் பெற்ற முறை இது. கேட்பவர் அதே தெருவில் வசிப்பவர் என்பதால், பணம் என்ன ஆனது என்று மறுநாளே அவரிடம் கேட்க முடியும். உள்ளூர் வசூலின் உயிர்நாடி இந்த நேரடிக் கணக்குக் கேட்புதான்.

அறிவியல் பக்கம் இதுவும் ஒரு கூட்டுப் பொருளே. நோயை உண்டாக்கும் வைரஸில் மூன்று வகைகள் உண்டென்பதை உறுதிசெய்த வகைப்படுத்தும் திட்டத்துக்கு அறக்கட்டளையே நிதி கொடுத்தது. அதனால் ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசியில் மூன்று வகைகளும் சேர்க்கப்பட்டன. ஒன்று விடுபட்டாலும் பாதுகாப்பில் ஓட்டை விழும். 1954இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12 அன்று ஆன் ஆர்பரில் வெற்றி அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, முடிவு தெரியாத நிலையிலேயே, அறக்கட்டளைத் தலைவர் பேசில் ஓ’கானர் 90 லட்சம் டாலர் மதிப்புள்ள தடுப்பூசியை நிறுவனங்களிடம் வாங்க ஒப்புக்கொண்டிருந்தார். நிறுவனங்களின் வணிக இடரை நன்கொடைப் பணமே ஏற்றது.

தடுப்பூசிக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. இதைச் சால்க்கின் தனிப்பட்ட பெருந்தன்மையாக மட்டும் சொல்வது வழக்கம். அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள் காப்புரிமை பெற வாய்ப்பிருக்கிறதா என்று ஆராய்ந்ததும், சட்டப்படி அது கடினம் என்று கருதியதும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே தனிமனித அறத்துக்கு இணையாக நிதியமைப்பையும் கவனிக்க வேண்டும். ஆராய்ச்சி, சோதனை, முன்கொள்முதல் மூன்றும் ஒரே பொதுப்பணத்தில் நடந்தன. செலவை மீட்க விலையை உயர்த்தியாக வேண்டிய தேவை எந்தக் கட்டத்திலும் எழவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அறிவிப்பு வெளியான சில நாள்களிலேயே, கட்டர் ஆய்வகம் தயாரித்த சில தொகுதிகளில் உயிருள்ள வைரஸ் இருந்தது தெரியவந்தது. குழந்தைகள் பலர் முடங்கினர், சிலர் இறந்தனர். பலரும் தயாரிக்கலாம் என்ற திறந்த முறைக்குக் கண்டிப்பான தரக் கண்காணிப்பு கட்டாயம் என்பதை அந்த உயிரிழப்புகள் உணர்த்தின.

4. இரண்டாம் சான்று: பெற்றோர் அமைப்பும் மும்மருந்துக் கூட்டும்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு மரபணு நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். நுரையீரலில் சளி பசைபோல் இறுகித் தொற்று தங்கிவிடுகிறது. கணையம் செயலிழப்பதால் உணவு செரிப்பதில்லை. வியர்வையில் உப்பு மிகுந்திருக்கிறது. 1950களில் இந்நோயுடன் பிறந்த குழந்தைகள் பள்ளி செல்லும் வயதை எட்டுவதே அரிது.

1955இல் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடங்கியதே அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை. அதுவும் உள்ளூர்க் கிளைகளால் வளர்ந்தது. மூன்று மகன்களுக்கும் இந்நோய் இருந்த மேரி வைஸ் என்ற தாய், 1965 முதல் சங்கங்களையும் சேவை அமைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்து நிதி கேட்டது அமைப்பின் வரலாற்றில் பதிவாகியுள்ளது. பின்னர் நடைப்பயணங்களும் விருந்து நிகழ்ச்சிகளும் ஏலங்களும் கிளைகளின் வருவாய் ஆயின. பணத்தோடு இன்னொன்றையும் இக்குடும்பங்கள் கொடுத்தன. 1960களிலிருந்தே நோயாளர் பதிவேடு பேணப்பட்டது. சிறப்புச் சிகிச்சை மையங்களின் வலையமைப்பு உருவானது. எந்த ஊரில் எந்த மரபணு மாற்றம் கொண்ட எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்ததால்தான் அரிய நோய்க்கு மருத்துவச் சோதனை நடத்துவது சாத்தியமாயிற்று. இந்தத் தகவல் வளத்தை நன்கொடைக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும்.

அறக்கட்டளை துணைநின்ற தொடக்கக்காலச் சிகிச்சைகளில் ஒன்று, மருந்தும் கருவியும் இணைந்தது. நுரையீரல் தொற்றுக்கு எதிரான டோப்ராமைசினை நேரடியாக மூச்சில் இழுக்கும் ‘டோபி’ 1997 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது. குறிப்பிட்ட நெபுலைசரோடும் காற்றழுத்தியோடும் சேர்த்தே அது சோதிக்கப்பட்டது. துளியின் அளவு மாறினால் மருந்து நுரையீரலின் ஆழத்துக்குப் போகாது என்பதால் கருவியும் சிகிச்சையின் பகுதியாகிறது.

நோயின் அடிப்படையைத் தொடுவதற்கு மரபணுவைக் கண்டறிய வேண்டியிருந்தது. 1989இல் லாப்-சீ சூய், பிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியோர்டன் குழுவினர் ஏழாவது குரோமோசோமில் அதைக் கண்டுபிடித்தார்கள். உயிரணுவின் உறையில் குளோரைடைக் கடத்தும் புரதத்துக்கான மரபணு அது. மிகப் பரவலான மாற்றத்தில், 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதத்தின் 508ஆம் இடத்திலுள்ள ஒன்று விடுபடுகிறது. இதனால் இரு பழுதுகள் நேர்கின்றன. புரதம் சரியாக மடியாததால் பெரும்பகுதி உயிரணுவுக்குள்ளேயே சிதைக்கப்படுகிறது. தப்பி உறையை அடைவதும் போதிய அளவு திறப்பதில்லை. வாய்க்காலில் பொருத்த வேண்டிய மடை கரைக்கு வந்து சேரவில்லை, வந்ததும் திறக்கவில்லை என்பது போன்ற நிலை. ஒரே மருந்து இரண்டையும் சரிசெய்யாது. மடிப்பைத் திருத்த ஒரு மருந்தும் திறப்பைக் கூட்ட இன்னொரு மருந்தும் தேவை. பின்னர், மடிப்பின் வெவ்வேறு இடங்களைத் தாங்க இரு திருத்தி மருந்துகள் வேண்டும் என்றும் தெரிந்தது. மும்மருந்துக் கூட்டு நோயின் தன்மையிலிருந்தே பிறந்த தேவை.

இந்த வேலையைத் தொடங்க நிறுவனங்கள் முன்வரவில்லை. நோயாளிகள் குறைவு; தோல்வி வாய்ப்பு அதிகம். ராபர்ட் பீல் தலைமையிலான அறக்கட்டளை 2000இல் சான் டியாகோவின் அரோரா பயோசயின்சஸ் நிறுவனத்துடன் 4 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்துகொண்டது. மறு ஆண்டு அரோராவை வெர்டெக்ஸ் நிறுவனம் வாங்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வேதிச் சேர்மங்களைச் சலித்து முதல் மருந்தின் தடயத்தை எடுத்தார்கள். வெர்டெக்ஸுக்கு அறக்கட்டளை வழங்கிய மொத்தத் தொகை ஏறத்தாழ 15 கோடி டாலர். அதற்கு ஈடாக விற்பனையில் ராயல்டி பெறும் உரிமை கிடைத்தது.

பலன் படிப்படியாக வந்தது. 2012 ஜனவரியில் ஐவகாஃப்டர் அனுமதி பெற்றது. ஆனால் அமெரிக்க நோயாளிகளில் சுமார் 4 சதவீதத்தினருக்கே அது பொருந்தியது. 2015இலும் 2018இலும் இருமருந்துக் கூட்டுகள் வந்தன. 2019 அக்டோபர் 21 அன்று எலெக்ஸகாஃப்டர், டெசகாஃப்டர், ஐவகாஃப்டர் மூன்றும் சேர்ந்த ‘ட்ரிகாஃப்டா’ அனுமதிக்கப்பட்டது. வளர்ந்தோர் காலையில் மூன்று மருந்தும் சேர்ந்த ஆரஞ்சு நிற மாத்திரைகள் இரண்டையும், மாலையில் ஐவகாஃப்டர் மட்டும் உள்ள வெளிர்நீல மாத்திரை ஒன்றையும் கொழுப்புள்ள உணவோடு விழுங்குகிறார்கள். முக்கியச் சோதனையில், ஒரு விநாடியில் வெளியேற்றும் மூச்சின் அளவு 24 வாரங்களில் சராசரியாக 14.3 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. நோய் திடீரெனத் தீவிரமாகும் நிகழ்வுகள் 63 சதவீதம் குறைந்தன. நுரையீரல் மாற்று அறுவைக்காகக் காத்திருந்த சிலர் பட்டியலிலிருந்தே விலகினார்கள். மருத்துவ அளவில் இதை மாபெரும் சாதனை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

5. விலையும் விளைவும்

ட்ரிகாஃப்டாவின் அமெரிக்க அறிமுக விலை ஆண்டுக்குச் சுமார் 3,11,000 டாலர். வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டிய மருந்து இது. மூன்று கூறுகளின் உரிமையும் ஒரே நிறுவனத்திடம் இருந்ததால் கூட்டு விரைவாக உருவானது. அதே காரணத்தால் போட்டியும் இல்லாமல் போனது. 2022இல் வெளியான ஆய்வொன்று, மூலப்பொருள் விலையையும் நியாயமான இலாபத்தையும் கணக்கிட்டு, ஓராண்டுக்கான மருந்தைச் சுமார் 5,700 டாலருக்குத் தயாரிக்க முடியும் என்று மதிப்பிட்டது. ஆராய்ச்சிச் செலவு இந்த மதிப்பீட்டில் அடங்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதைச் சேர்த்தாலும் இடைவெளியின் அளவு விளக்கம் கோருகிறது.

2014 நவம்பரில் அறக்கட்டளை தன் ராயல்டி உரிமையை ராயல்டி ஃபார்மா நிறுவனத்துக்கு 330 கோடி டாலருக்கு விற்றது. ஒரு நோயாளர் அமைப்பு அதுவரை காணாத தொகை. அத்தொகை மீண்டும் ஆராய்ச்சிக்குப் போனது. இம்மருந்துகள் பயன்தராத சுமார் 10 சதவீத நோயாளிகளுக்காக 2019இல் 50 கோடி டாலர் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஆயினும், விலை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு ராயல்டியும் உயரும் என்ற அமைப்பில், விலையைக் குறைக்கச் சொல்லும் இயல்பான குரல் யாருடையதாக இருந்திருக்க வேண்டுமோ அந்தக் குரலுக்கே இடையூறு நேர்ந்தது. தனிநபர்களின் நேர்மையைப் பற்றிய குற்றச்சாட்டாக இதை நான் சொல்லவில்லை. ஒப்பந்த வடிவம் உண்டாக்கிய சிக்கல் இது.

விளைவை எல்லைக்கு வெளியே பார்த்தால் தெளிவாகும். பிரிட்டனில் ஆண்டுக்கு 1,04,000 பவுண்டு பட்டியல் விலை கொண்ட இருமருந்துக் கூட்டுக்காகப் பெற்றோர் மூன்றாண்டுகளுக்கு மேல் போராடினார்கள். அர்ஜென்டினாவில் தயாரான நகல் மருந்தை வாங்கக் கூட்டுக் கொள்முதல் குழுவும் அமைத்தார்கள். 2019 அக்டோபரில்தான் அரசும் நிறுவனமும் உடன்பட்டன, விலை வெளியிடப்படவில்லை. 2023இல் தென்னாப்பிரிக்கா, இந்தியா, பிரேசில், உக்ரைன் நாடுகளின் நோயாளிகளும் குடும்பங்களும் காப்புரிமைத் தடையை நீக்க ஒருங்கிணைந்து சட்ட நடவடிக்கை கோரினார்கள். நிறுவனம் சில நாடுகளுக்கு இலவசமாக மருந்து வழங்கும் திட்டத்தை அறிவித்தது. கொடை வரவேற்கத்தக்கதே, ஆனால் யாருக்கு, எத்தனை காலம் என்று கொடுப்பவரே முடிவுசெய்யும் ஒன்றை நோயாளியின் உரிமையாகக் கொள்ள முடியாது.

அரிய நோய் அமைப்புகள் நிறுவனங்களோடு செய்துகொள்ளும் இத்தகைய ஒப்பந்தங்களில், நிறுவனம் வேலையைப் பாதியில் கைவிட்டால் ஆராய்ச்சியைத் தொடரும் உரிமை அறக்கட்டளைக்கு வரும் என்ற பிரிவு இடம்பெறுவது வழக்கம். தோல்வி நேர்ந்தால் என்ன செய்வதென்று கவனமாக யோசித்திருக்கிறார்கள். வெற்றி நேர்ந்தால் விலை என்னவாகும் என்ற கேள்விக்கு அதே கவனம் கிடைக்கவில்லை.

6. ஒப்பீடு: நிபந்தனை முதலில் எழுதப்பட்டபோது

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வருவாயில் பெரும்பகுதி உலகெங்குமுள்ள தனிநபர்களின் நன்கொடை. 1999இல் பெற்ற நோபல் அமைதிப் பரிசுத் தொகையை அது புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்காக ஒதுக்கியது. அம்முயற்சியின் தொடர்ச்சியாக 2003இல் டி.என்.டி.ஐ. என்ற ஆராய்ச்சி அமைப்பு பிறந்தது. அதை நிறுவிய உறுப்பினர்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒன்று.

அதன் முதல் விளைச்சல் ஒரு கூட்டு மருந்து. மலேரியாக் கிருமி தனி மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதால், ஆர்ட்டெசுனேட்டையும் அமோடியாகுயினையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தனித்தனி மாத்திரைகளாகக் கொடுத்தபோது நோயாளிகள் ஒன்றை விழுங்கி மற்றொன்றைத் தவிர்க்கும் அபாயம் இருந்தது. இரண்டையும் நிலையான அளவில் ஒரே மாத்திரையாக்கி, சனோஃபி நிறுவனத்துடன் சேர்ந்து 2007இல் வெளியிட்டார்கள். காப்புரிமை இல்லை, வளர்ந்தோர் ஒருவருக்கான சிகிச்சை ஒரு டாலருக்குள், குழந்தைக்கு அரை டாலருக்குள் என்று ஒப்பந்தத்திலேயே தீர்மானித்திருந்தார்கள். சனோஃபி போன்ற பெருநிறுவனமும் இதற்கு உடன்பட்டது. நிபந்தனை வைத்தால் எந்த நிறுவனமும் வராது என்ற வாதத்துக்கு இது நேரடி மறுப்பு.

எச்.ஐ.வி. மருந்துகளின் வரலாறு மற்றொரு கோணத்தைத் தருகிறது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் சொத்தாக இருந்தன. ஆகவே பணக்கார நாடுகளில் மூன்றையும் ஒரே மாத்திரையில் சேர்க்க ஆளில்லை. இந்தியாவில் அப்போது மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது. செய்முறைக்கு மட்டுமே உண்டு. அதனால் சிப்லா மூன்றையும் சேர்த்து ‘ட்ரையோமியூன்’ என்ற மாத்திரையை உருவாக்கி, 2001 பிப்ரவரியில் எல்லைகளற்ற மருத்துவர்களுக்கு ஓர் ஆண்டுச் சிகிச்சையை 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதே சிகிச்சை அப்போது வேறிடங்களில் 10,000 டாலருக்கு மேல். 2005க்குப் பின் இந்தியாவிலும் பொருள் காப்புரிமை வந்துவிட்டது. எனினும் 2010இல் தொடங்கிய மருந்துக் காப்புரிமைத் தொகுப்பு, உரிமங்களைத் தானாக முன்வந்து பகிரும் வழியை ஏற்படுத்தியது. டோலுடெக்ராவிர் அடங்கிய மும்மருந்துக் கூட்டு 2017 உடன்பாட்டின்படி ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 75 டாலருக்குக் கிடைக்கத் தொடங்கியது.

7. எதிர்வாதங்கள்

இந்த ஒப்பீட்டுக்கு வலுவான மறுப்பு உண்டு. மலேரியா மாத்திரையின் இரு கூறுகளும் முன்பே அறியப்பட்டவை. புதிதாகச் செய்தது சேர்க்கையும் சோதனையும்தான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மருந்துகளோ முற்றிலும் புதிய மூலக்கூறுகள். அறக்கட்டளை தந்த 15 கோடி டாலரைப் போலப் பல மடங்கை நிறுவனம் தன் பணத்திலிருந்து செலவிட்டது. 2000இல் விலைக் கட்டுப்பாட்டை வலியுறுத்தியிருந்தால் ஆராய்ச்சியே தொடங்கியிருக்காது. விலையுயர்ந்த மருந்து, இல்லாத மருந்தைவிட மேலானது அல்லவா என்று கேட்பார்கள்.

இவ்வாதத்தின் முதற்பகுதியை ஏற்கிறேன். விலை முழுவதையும் நன்கொடை அமைப்பே தீர்மானிக்க வேண்டும் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் நிபந்தனை என்றாலே விலை உச்சவரம்பு என்று கொள்ள வேண்டியதில்லை. பணக்கார நாடுகளின் சந்தையை நிறுவனத்திடமே விட்டுவிட்டு, நிறுவனம் மருந்தைப் பதிவே செய்யாத நாடுகளில் மட்டும் பிறர் தயாரிக்க உரிமம் தரும் பிரிவை எழுதியிருக்கலாம். அதனால் நிறுவனத்துக்கு இழப்பு மிகக் குறைவு. 2023இல் ட்ரிகாஃப்டாவின் உலக விற்பனை சுமார் 890 கோடி டாலர்; இதில் இந்தியாவின் பங்கு கணக்கில் கொள்ளத்தக்கதே அல்ல.

அமெரிக்கக் குடும்பங்கள் திரட்டிய பணத்துக்கு இந்தியக் குழந்தைகள் எப்படி உரிமை கோர முடியும் என்பது இரண்டாம் மறுப்பு. நன்கொடை கேட்கப்பட்டது ஒரு நோயை வெல்வதற்காக. ஒரு நாட்டின் நோயாளிகளுக்காக மட்டும் என்று சொல்லிப் பெறப்பட்டதல்ல. மேலும் அமெரிக்காவிலேயே விலைச்சுமை காப்பீட்டு வழியாக எல்லோர் மீதும் இறங்குகிறது.

கால இடைவெளி பற்றியது மூன்றாம் மறுப்பு: 2000இல் எந்த மருந்து வெல்லும் என்றே தெரியாதபோது எந்த நிபந்தனையை எழுதுவது? இதற்கு விடை போலியோ வரலாற்றிலேயே இருக்கிறது. வெற்றி தெரியாத நிலையில்தான் 90 லட்சம் டாலருக்கு முன்கொள்முதல் செய்தார்கள். நிறுவனத்துக்குப் பணம் மிகத் தேவைப்படும் காலம் அதுவே. வெற்றிக்குப் பின் நன்கொடை அமைப்பின் கையில் மிஞ்சுவது வேண்டுகோள் மட்டும்தான்.

8. இந்தியச் சூழல்

இந்தியாவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அரிது என்றும், மேலைநாட்டாருக்கே வரும் என்றும் நீண்ட காலம் நம்பப்பட்டது. டெல்லி எய்ம்ஸ், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களின் குழந்தை மருத்துவர்கள் நோயாளிகளைக் கண்டறிந்து எழுதியதால் அந்நம்பிக்கை தளர்ந்தது. வியர்வைச் சோதனை வசதியுள்ள இடங்கள் குறைவு என்பதால் பல குழந்தைகள் காசநோய் என்றோ ஆஸ்துமா என்றோ தவறாகச் சிகிச்சை பெறுகிறார்கள். இங்கே 508ஆம் இட மாற்றத்தின் விகிதம் மேலைநாடுகளைவிடக் குறைவு. ஆகவே ட்ரிகாஃப்டா பயன்படுவோரின் விகிதமும் குறையலாம். எந்த மக்கள் பணம் கொடுக்கிறார்களோ அவர்களிடம் பரவலான மரபணு மாற்றமே முதலில் இலக்காகிறது என்ற உண்மையும் இதில் வெளிப்படுகிறது.

2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, இந்நோயை மிக அதிகச் செலவாகும் பிரிவில் வைத்துள்ளது. 2022 முதல் தகுதியுள்ள நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வாழ்நாள் மருந்துக்கு அத்தொகை ஓராண்டுக்கும் வராது. பற்றாக்குறையை நிரப்ப, பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் இணையதளத்தை மத்திய அரசே நடத்துகிறது. 2021இல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தசைச்சிதைவு நோயுற்ற குழந்தைகளுக்கு 16 கோடி ரூபாய் ஊசி வாங்க ஊரே திரண்டு பணம் கொடுத்ததைப் பார்த்தோம். அந்த ஈகையின் ஆழத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு மருந்து வாங்கித் தருவதோடு அப்பணம் தீர்ந்துபோகிறது. அடுத்த குழந்தைக்கு அதே விலையில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விலையைத் தொடாத வசூல், உயர்ந்த விலையையே நிலைப்படுத்தவும் கூடும்.

சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, காப்புரிமை அளித்து மூன்றாண்டுகள் ஆனபின், மருந்து நியாயமான விலையில் கிடைக்காவிட்டால் பிறருக்குக் கட்டாய உரிமம் தர வழிசெய்கிறது. 2012 மார்ச்சில் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ நிறுவனம் இவ்வுரிமம் பெற்றது. மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து 8,880 ரூபாய்க்கு வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013இல் அதை உறுதிசெய்தது. அதன்பின் வேறெந்த மருந்துக்கும் இப்பிரிவின்கீழ் உரிமம் வழங்கப்படவில்லை. தயாரிக்க முன்வரும் நிறுவனமும் அரசின் உறுதியும் வேண்டியிருப்பதால், நோயாளி எண்ணிக்கை குறைந்த நோய்களுக்குச் சட்டக்கதவு திறப்பது இன்னும் கடினம்.

9. முடிபு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். சிறுதொகைகள் சேர்ந்து பெரும் அறிவியலைத் தொடங்கிவைக்கும் ஆற்றல் கொண்டவை. இதில் போலியோ வரலாறும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வரலாறும் ஒத்துப்போகின்றன. கூட்டு மருந்தில் உரிமைகள் ஒரு கையில் குவிந்தாலும் பல கைகளில் சிதறினாலும் நோயாளிக்கு ஆபத்து உண்டு; முன்கூட்டிய உரிம ஏற்பாடு ஒன்றே இரண்டையும் தவிர்க்கிறது. ராயல்டி வருவாய் ஆராய்ச்சியை வளர்க்கும். மருந்து கிடைப்பதை அது உறுதிசெய்யாது.

ஆகவே ஆராய்ச்சிக்குப் பணம் தரும் எந்த அமைப்பும், அது ஐந்து குடும்பங்களின் சங்கமாக இருந்தாலும், கையெழுத்துக்கு முன் நான்கு பிரிவுகளைக் கேட்க வேண்டும். குறித்த காலத்துக்குள் நிறுவனம் மருந்தைப் பதிவு செய்யாத நாடுகளில் பிறர் தயாரிக்க உரிமம் தர வேண்டும். கூட்டின் ஒவ்வொரு கூறுக்கும், மருந்தைச் செலுத்தும் கருவிக்கும் அந்த உரிமம் பொருந்த வேண்டும். ஒரு கூறு விடுபட்டாலும் மற்றவை பயனற்றுப்போகும். ஆராய்ச்சிச் செலவையும் அதில் நன்கொடையின் பங்கையும் வெளியிட வேண்டும். ராயல்டி வருமானால் அதில் ஒரு பகுதி மருந்து எட்டாத நோயாளிகளுக்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். சிறிய சங்கம் தனித்துக் கேட்டால் நிறுவனம் செவிசாய்க்காமல் போகலாம். ஒரே நோய்க்கான சங்கங்கள் பல நாடுகளிலும் சேர்ந்து ஒரே மாதிரி ஒப்பந்தத்தை முன்வைத்தால், பதிவேடும் சோதனைக்கு வரும் நோயாளிகளும் அவர்கள் வசம்தான் இருக்கின்றன என்பதை எந்த நிறுவனமும் புறக்கணிக்க முடியாது.

கதவைத் தட்டி நன்கொடை கேட்பவர், இந்தப் பணத்தில் மருந்து உருவானால் அது யாருக்கெல்லாம் கிடைக்கும் என்று கேட்கப்பட்டால் பதில் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும். அந்தப் பதில் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும் என்று கோருவது நன்கொடையாளரின் உரிமை. அதை எழுதி வாங்குவது அமைப்பின் கடமை.